நல்லம்மாவை இறக்கிவிட்ட கார்

ஒரு காரின் எஞ்சின் நின்றுபோனதற்கு அதில் ஏறியிருந்த கர்ப்பிணிதான் காரணம் என்று யாராவது சொன்னால், நீங்கள் நம்புவீர்களா?

நம்ப மாட்டேன் என்கிறீர்கள். சரி. வண்டி வாங்கிய அன்று நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது யார்? கண்ணாடியின் காம்பில் தாயத்துக் கட்டித் தொங்கவிட்டது யார்? ஒரு பழத்துக்கு எஞ்சினைக் காப்பாற்றும் வல்லமை உண்டென்று ஒப்புக்கொண்டவர், ஒரு பெண்ணுக்கு எஞ்சினைக் கெடுக்கும் வல்லமை உண்டென்று ஒப்புக்கொள்ள அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. எழுபத்தாறாம் வருடம் பதுளையில் வாடகைக்கு ஓடும் ஹயர் கார் ஸ்டாண்டில் இருந்தவர்கள் அந்தத் தூரத்தை நடந்துதான் போனார்கள். நீலாப்பிட்டித் தேயிலைத் தோட்டத்தின் மேட்டுப் பிரிவான மேல்கணக்கிலிருந்து புள்ளத்தாச்சிப் பெண்களை ஏற்றுவதில்லை என்று கூடிப் பேசி முடிவு கட்டினார்கள். அவர்களில் ஒருவன்கூடக் கெட்டவன் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த முடிவை எதிர்த்து நின்ற இத்ரூஸை யாரும் நல்ல மனிதர் என்று சொன்னதில்லை. வாய் பொல்லாதது. பதுளைக் கடைத்தெருவிலிருந்து இறங்குகிற சரிவில், தார் பீப்பாய்களை அடித்து நிமிர்த்திக் கூரை போட்ட ஒரு கராஜ் அவருடையது. அவருடைய வாப்பா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவர். மகனுக்குத் துணி பிடிக்கவில்லை, கெஞ்சி விற்பது அதைவிடப் பிடிக்கவில்லை. பதினைந்து வயதில் எண்ணெய்க் கறைக்குள் புகுந்தவர் நாற்பதைத் தாண்டியும் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் கைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு போவார்.

அது புதுக் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். அறுபதுகளின் தொடக்கத்தில் மினுமினுவென்று வந்து இறங்கிய ஜப்பான் கார்கள் எல்லாம் கிழடு தட்டியிருந்தன. தரைத் தகடு துருப்பிடித்து, உட்கார்ந்திருப்பவர் காலுக்கிடையில் ரோட்டைப் பார்க்கலாம். ஒரு உதிரிப்பாகம் வேண்டுமென்றால், எங்கேயோ செத்துக் கிடக்கும் இன்னொரு காரிலிருந்துதான் கழற்றி வரவேண்டும். கிடைக்காததை இத்ரூஸ் தானே வெட்டி, ராவி, பற்றவைத்துச் செய்துகொள்வார். ஓடாத வண்டி எது வந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்விதான்: நெருப்பு வருதா, பெற்றோல் வருதா, காற்று வருதா. நாலாவதாக யாராவது அண்ணன் முறை வைத்து, “நானா, கண்ணேறு ஏதும் பட்டிருக்குமோ?” என்று இழுத்தால், “அந்த சாமான் எந்தப் பக்கம் இருக்கி எண்டு காட்டு, கழட்டிப் பாக்கலாம்” என்பார்.

இந்தக் கதைக்குக் காரணமான கார் லத்தீப் முதலாளியுடையது. சாம்பல் நிறம். சின்னராசா என்ற ஹாலிஎலப் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். பெற்றோல் விலை ஏறிய நாளிலிருந்து, நின்ற இடத்தில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அதை அவன் வேதம்போலக் காத்தான்.

நீலாப்பிட்டித் தோட்டத்துக்கு ஹாலிஎலயிலிருந்து ஒரே ஏற்றம். கார் போகக்கூடிய கடைசி இடம், ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையின் வாசல். மேல்கணக்கு லயங்கள் அதற்கும் மேலே. அங்கே படியும் கல்லும்தான் பாதை. நோயாளியைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கி வருவார்கள். அவர்கள் இறங்கி வரும்வரை கார் ஸ்டோர் வாசலில் நின்றாக வேண்டும். தோட்டத்துக்கு ஒரு லொறி இருந்தது, அது கொழுந்துக்கு. ஒரு ஜீப் இருந்தது, அது துரைக்கு. வெள்ளைக்காரத் துரை போய், தோட்டம் அரசாங்கத்துக்கு மாறி, நம் நாட்டுத் துரை வந்த பிறகும் ஜீப் மட்டும் அதே ஜீப், அதே பூட்டு.

பங்குனி வெயிலில் ஒரு பகல், நல்லம்மா என்ற கொழுந்துக்காரிக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. தோட்டத்து மருத்துவிச்சி கையை விரித்தாள். சொல்லி அனுப்பிய கார் வந்து ஸ்டோர் வாசலில் நின்றது. கம்பளி இறங்கி வர வழக்கம்போல நேரமாயிற்று. நல்லம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுச் சின்னராசா சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினான். அவள் உள்ளே அலறிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் கோயில் பூசாரியும் நின்றார். “இவள மொதல்ல எறக்குங்க,” என்றார். “தீட்டோட ஏத்திட்டீங்க. அதான் அம்மா வழிமறிக்குது.”

இறக்கினார்கள். அதை எழுதக் கை கூசுகிறது. பிள்ளை குறுக்கே கிடந்து சாகிறவளைக் காரிலிருந்து தூக்கி, கொழுந்துச் சாக்கை விரித்து, ஸ்டோர் சுவரோரம் கிடத்தினார்கள். பூசாரி கற்பூரம் கொளுத்தினார், எலுமிச்சம்பழம் அறுத்தார், எஞ்சின் மூடியான பானட்டைத் திறக்கச் சொல்லி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை உள்ளே ஊற்றினார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஆயிரம் வருடம் வாதாடி ஜெயிக்க முடியாததை அந்த ஒரு சத்தம் ஜெயித்துவிட்டது. மறுபடி அவளை ஏற்ற ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சின்னராசா வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், வேறொரு காரை அனுப்பிவைத்தான். அது வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நல்லம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

லத்தீப் மறுநாள் காரை இத்ரூஸிடம் கொண்டுவந்தார். இத்ரூஸ் பிளக்கைக் கழற்றி நெருப்புப் பார்த்தார், நீலமாக வந்தது. கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். பட்டணத்துக்குள்ளே மேலும் கீழும் ஓட்டினார். குதிரை மாதிரி ஓடியது. “வண்டியில ஒரு குறையும் இல்ல, கொண்டு போ,” என்றார். அடுத்த மாதம் அதே தோட்டம், அதே வாசல், வேறொரு பெண், அதே கதை. அவளைத் தூக்கிக்கொண்டே ஹாலிஎல வரைக்கும் இறங்கினார்கள், பாதி வழியில் பெற்றாள். கார் மறுபடி கராஜுக்கு வந்தது. இத்ரூஸ் மறுபடி பார்த்து, மறுபடி அதையே சொன்னார்.

அவர் சொன்னது காருக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. மெக்கானிக்கே வண்டியில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார், அப்படியென்றால் குற்றம் யாரிடம்? மேல்கணக்குப் பெண்கள் நல்லம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஸ்டாண்டும் தன் முடிவைச் சொல்லிவிட்டது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, நல்லையா என்ற மேல்கணக்குத் தொழிலாளி கராஜ் வாசலில் வந்து நின்றான்.

“நானா, ஒரு ஒதவி கேட்டு வந்தேன்.”

“வண்டி இல்லாத ஆளுக்கு என்னட்ட என்ன உதவி?”

“வண்டிதாங்க வேணும். எங்க வூட்டுல ஜெயலெட்சுமிக்கு இது ரெண்டாவது. மொதப் புள்ளய வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. இத லயத்துல வச்சுப் பாக்கவே கூடாதுன்னு டாக்டரய்யா சொல்லிட்டாரு. ஸ்டாண்டுல கேட்டா, காச்சக்காரன், கால் ஒடிஞ்சவன்னா வர்றோம், புள்ளத்தாச்சின்னா வரமாட்டோங்கிறாங்க.”

“எவன் சொன்ன?”

“எல்லாருந்தான். லத்தீப் மொதலாளி காருல பட்ட அனுபவமாம். மெக்கானிக்கே பாத்துட்டு...” நல்லையா நிறுத்திக்கொண்டான்.

“சொல்லு. எந்த மெக்கானிக்?”

நல்லையா தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

கராஜுக்குப் பின்னால்தான் வீடு. தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி ஸகீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “பொஞ்சாதியக் கூட்டி வந்து இங்க விடுங்க. நோவு வரும் வரைக்கும் இருக்கட்டும்,” என்றாள்.

“இன்னும் மாசம் இருக்குங்கம்மா. எங்காத்தா படுத்த படுக்கை. அத விட்டுட்டு ஜெயலெட்சுமி வரமாட்டேங்குறா.”

அவன் போன பிறகு ஸகீனா கணவனிடம் திரும்பினாள். “வண்டியில குறை இல்லை எண்டு சொன்னீங்களே. தெரியல்ல எண்டு சொல்ல வாய் வரல்லயா?”

“ரெண்டு தரம் கழட்டிப் பாத்த.”

“பாத்தீங்க. கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு. அத அப்படியே சொல்லீந்தா ஒரு பொம்பிளைட தலையில விழுந்திருக்காது.”

இத்ரூஸ் தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. அன்றைக்குக் கராஜில் எந்த வேலையும் நடக்கவில்லை. ஸ்டாண்டுக்குப் போய்ச் சின்னராசாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்டோர் வாசலில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

“அதான் ஊருக்கே தெரியுமே நானா.”

“ஊருக்குத் தெரிஞ்சது வேணாம். வண்டி ஏறக்குள்ள எப்படி ஏறின?”

“ரெண்டாங் கியர்ல முக்கிக்கிட்டே ஏறுச்சு.”

“போய்ச் சேந்ததும்?”

“அணைச்சிட்டேன். மொதலாளி சொல்லியிருக்காருல்ல.”

“தொரை வீட்டு விருந்தாளி ஹயர் போனா அங்க நிக்குமா?”

சின்னராசா யோசித்தான். “அவங்கள எறக்கிட்டு ஒடனே திரும்பிருவேன். நிக்க மாட்டேன்.”

“பூசாரி தண்ணி எங்க ஊத்தின?”

“பானட்டுக்குள்ள. பம்ப்பு, பைப்பு எல்லாம் நனைஞ்சிச்சு. புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு நானா. அப்பதான் எனக்கே பயம் புடிச்சிச்சு, சாமி இருக்குன்னு.”

இத்ரூஸ் ஒரு அடி கிட்ட வந்தார். “பம்ப்புக்குப் பக்கத்துல ரெண்டு ஆணி ஓட்டை சும்மா கிடக்கே. அதுல என்ன இருந்த?”

“ஒரு தகரம். ஓடுறப்ப கடகடன்னு சத்தம் போட்டுச்சு. மொதலாளி கழட்டிப் போடச் சொன்னாரு. இந்த மாசியிலதான் கழட்டுனேன்.”

விஷயம் அவ்வளவுதான். பெற்றோல் சூட்டில் சட்டென்று ஆவியாகிற சாமான். ஏற்றம் ஏறிக் கொதிக்கிற எஞ்சினை அணைத்து நிறுத்தினால், காற்றும் ஓடாது, புகைக்குழாயின் சூடெல்லாம் பக்கத்திலிருக்கும் பம்ப்பில் வந்து இறங்கும். அந்தச் சூட்டைத் தடுக்கத்தான் தகரம் இருந்தது. அது போனதும், பம்ப்புக்குள் இருந்த பெற்றோல் ஆவியாயிற்று. பம்ப் பெற்றோலுக்குப் பதில் ஆவியை மென்றுகொண்டிருந்தது. ஆறினால் தானே சரியாகும். தண்ணீர் ஊற்றினால் உடனே சரியாகும். பூசாரி செய்த பரிகாரத்தில் வேலை செய்தது தண்ணீர். மஞ்சளும் மந்திரமும் வெறுமனே கூட வந்தவை. தகரம் போன பிறகு அந்தக் கார் அந்த வாசலில் சூட்டோடு காத்து நின்றது அந்த இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். ஆகவே புள்ளத்தாச்சி ஏறும்போது மட்டும்தான் படுத்தது.

நேராக லத்தீப்பிடம் போனார். ஸ்டாண்டின் மூத்த டிரைவர் ஜுனைதீனும் அங்கே இருந்தார்.

“நாளைக்குப் பகல் நீலாப்பிட்டிக்குப் போவோம். ஆம்பிளைங்க மட்டும். அரை மணித்தியாலம் நிப்பாட்டிப்போட்டு எடுப்போம்.”

“தகரம் எண்டு சொல்றீங்களே, இப்பவே பூட்டிப் போடுங்களன். என்னத்துக்கு மலைக்குப் போகோணும்?” என்றார் லத்தீப்.

“இப்பப் பூட்டினா, நாளைக்கு ஓடக்குள்ள உங்கட தாயத்து ஓட்டின எண்டு சொல்வீங்க. அது படுக்கிறத நீங்க கண்ணால பாக்கோணும்.”

“இவருக்கு வேலை இல்ல போல,” என்றார் ஜுனைதீன். ஆனாலும் வேடிக்கை பார்க்க ஆசை. வந்து ஏறிக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் நாலு ஆண்களைச் சுமந்துகொண்டு சாம்பல் கார் ஏறியது. ஸ்டோர் வாசலில் அணைத்தார்கள். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம், கூடைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். நல்லம்மா வரிசையின் கடைசியில், இடைவெளி விட்டுத் தனியாக நின்றாள். பூசாரியும் வந்து சேர்ந்தார்.

நேரம் போனதும் இத்ரூஸ், “எடு,” என்றார்.

சின்னராசா சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. லத்தீப் தாயத்தைத் தொட்டுக்கொண்டார்.

இத்ரூஸ் கீழே இறங்கி, கூடைக்காரிகளுக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். “இப்ப இதுல யாருக்கு மாசம்? லத்தீப் மொதலாளிக்கா? ஜுனைதீன் நானா, உங்கட வயித்தப் பாத்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகந்தான்.”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஜுனைதீன் காரிலிருந்து இறங்கி, சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, தேயிலை மலையைப் பார்த்து நின்றார்.

இத்ரூஸ் கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் காட்டினார். சுற்றச் சொன்னபோது சொட்டுப் பெற்றோல் வரவில்லை, வெறும் சீறல்தான். மலையூற்றுப் பீலித் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து வந்து பம்ப்பின்மேல் போட்டார். மந்திரம் சொல்லவில்லை, ஒரு பீடி பற்றவைத்தார். பீடி முடிவதற்குள் குழாயில் பெற்றோல் வந்தது. பூட்டித் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.

“எல்லாம் சரிதான், ஆனா அம்மா காரியம்...” என்று பூசாரி தொடங்கினார்.

“ஐயா, நீங்க ஊத்தின தண்ணி நல்ல தண்ணி. அந்தப் புள்ளய எறக்காமயே ஊத்தியிருக்கலாம்.”

அப்போது நல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“அப்ப அன்னிக்கு என்னால நிக்கல,” என்றாள்.

“உன்னால இல்ல புள்ள. வண்டிக் குறைதான். அத நான்தான் கண்டுபிடிக்கல்ல.”

“ஈரச் சாக்கு ஒண்ணு போட்டிருந்தா போயிருக்குமா?”

“போயிருக்கும்.”

“புள்ள பொழச்சிருக்குமா?”

“அது எனக்குத் தெரியா.”

அவள் திரும்பி நடந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் அல்ல, நடுவில் நின்றாள். ஒருத்தியும் விலகவில்லை. தராசு பிடித்த கங்காணி மட்டும் வாய் பிளந்து பார்த்தார்.

இத்ரூஸ் ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டித் தடுப்புத் தகடு செய்து பூட்டினார். பெற்றோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி வளைத்து, ஸ்டோர் அடுப்புக்குச் சுற்றுகிற கல்நார்க் கயிற்றைச் சுற்றினார். ஆனால் தகடு பூட்டுவது சுலபம், மண்டையில் இருப்பதைக் கழற்றுவது சுலபமல்ல. லத்தீப் இன்னொரு தாயத்து வாங்கிக் கட்டினார். ஜுனைதீன், “அண்டைக்கு ஆம்பிளைங்க ஏறினதும் படுத்துச்சு, சரி. ஆனா பொம்பிளை ஏறினா படுக்காது எண்டு யாரு கண்ட?” என்று ஸ்டாண்டில் புது வாதம் கிளப்பினார். முடிவு மாறவில்லை.

வைகாசியில் ஜெயலெட்சுமிக்கு நோவு வந்தது. ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர் கடைத்தெருவுக்குப் போன் செய்தார். ஸ்டாண்டில் எல்லாருக்கும் திடீரென்று வேறு ஹயர் இருந்தது. லத்தீப் ஊரில் இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் இத்ரூஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சாம்பல் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். சின்னராசா வெளியே நின்று நகம் கடித்தான்.

“மொதலாளி வந்தா என்னய வேலைய விட்டே தூக்கிருவாரு நானா.”

“தூக்கினா கராஜுக்கு வா. இப்ப ஏறு. நீ ஏறாட்டி நான் ஓட்டுவன். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனா மெல்ல ஓட்டத் தெரியாது.”

அவன் ஏறினான்.

ஸ்டோர் வாசலில் அதே வெயில். காரை அணைத்தார்கள். அணைக்காமல் நிறுத்தியிருக்கலாம். இத்ரூஸ்தான் அணைக்கச் சொன்னார், தன் வேலையில் அவ்வளவு திமிர் அவருக்கு. கம்பளி இறங்கி வந்தது. ஜெயலெட்சுமியைக் காருக்கருகில் இறக்கியபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்துவிட்டாள்.

“வேணாங்க. நான் ஏறுனா நின்னுரும். நடந்தே போயிருவோம்.”

நல்லையா கெஞ்சினான். இத்ரூஸ் தகரத்தைப் பற்றியும் ஆவியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். வலியில் துடிக்கிற ஒருத்திக்குப் பெற்றோலின் குணத்தை விளக்கிக்கொண்டு நின்றார். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. அவளை அப்படிப் பயமுறுத்தி வைத்தது ஒரு பூசாரி மட்டுமல்ல, அந்த மலை முழுவதும்தான்.

நல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்து, மடியைத் தட்டிக் காட்டினாள்.

“தலைய இங்க வச்சுப் படு. நின்னா என்னால நிக்கட்டும். எனக்குப் பழக்கந்தான்.”

ஜெயலெட்சுமி ஏறினாள். சின்னராசா உதடு முணுமுணுக்கச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் அவன் ஓட்டிய ஓட்டத்தில் இத்ரூஸே இரண்டு முறை, “மெல்ல, மெல்ல,” என்றார். பொழுது சாயுமுன் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

லத்தீப் ஊர் திரும்பியதும் சின்னராசாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்குப் பதில், தான் கட்டிய புதுத் தாயத்தின் மகிமையைப் பற்றிக் கடைத்தெரு முழுக்கப் பேசினார். பூசாரி, தன் கோயிலில் போட்ட பூசையைப் பற்றிப் பேசினார். ஸ்டாண்டில் மற்றக் கார்கள் அதே முடிவோடுதான் அடுத்த வருடமும் ஓடின. மேல்கணக்குக்குப் போக ஒரே ஒரு கார், ஒரே ஒரு டிரைவர். தோட்டத்து ஜீப் துரைக்காகவே காத்திருந்தது. இத்ரூஸ் ஒவ்வொரு காராக வழிமறித்து, பானட்டைத் திறந்து, தகரம் இருக்கிறதா என்று பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டே வயதானார். அதன் பிறகு நல்லம்மாவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. மேல்கணக்கில் யாருக்கு நோவு கண்டாலும் காரில் கூடப் போகிறவள் அவள்தான்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஊர் ஸ்டாண்டுக்குப் போங்கள். அங்கே நிற்கிற ஒவ்வொரு டிரைவரிடமும், பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணை இந்த நிமிடம் ஏற்றுவாயா என்று கேளுங்கள். அவன் வாய் திறந்து ஏற்றுவேன் என்று சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.